எந்த இடத்தில் இருக்கிறது அந்த எலெக்ட்ரான்?

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருந்தால் அது சரிதான். ஆனால் அடியில் பிடித்து, மேலே வேகாமல், நடுவில் மட்டும் பதமாக இருக்கிற சோற்றுக்கு இந்த விதி பொருந்துமா? மேலாக ஒரு சோற்றை எடுத்து நசுக்கிப் பார்த்தால் ஏமாந்துதான் போவோம். இன்னொரு வழி இருக்கிறது. பானையைக் கவிழ்த்து, எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து, ஒரு கவளம் எடுத்துப் பார்க்கலாம். அப்போது பானையின் சராசரிப் பதம் தெரியும். எங்கே அடி பிடித்தது என்பது மட்டும் தெரியாமலே போய்விடும்!

இயற்பியல் ஆய்வுக்கூடங்களில் நடைபெறும் பல அளவீடுகள் இந்தப் பிசைந்த கவளம் போன்றவையே. பொருள் முழுவதிலிருந்தும் வரும் குறிப்பு ஒன்றாகச் சேர்ந்து ஒரே ஓர் எண்ணாக நம் கைக்கு வருகிறது. எலெக்ட்ரான் தற்சுழற்சி ஒத்ததிர்வு என்னும் ஆய்வு முறையும் பிறந்த நாளிலிருந்து நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. ஒரு பல்லில், ஒரு பாறைத் துண்டில், ஒரு பிளாஸ்டிக் தகட்டில் குறிப்பிட்ட வகை எலெக்ட்ரான்கள் எத்தனை உள்ளன என்று அது சொல்லும். எந்த இடத்தில் உள்ளன என்று சொல்லாது. இடத்தையும் சொல்லும்படி அதைப் பழக்கிய கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இணையற்ற எலெக்ட்ரான்

எலெக்ட்ரானுக்கு நிறை உண்டு, மின்னூட்டம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு மூன்றாவதாக ஒரு பண்பும் உண்டு. 1925ஆம் ஆண்டு ஹாலந்து நாட்டு லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஊலன்பெக், கௌட்ஸ்மிட் என்ற இரண்டு இளைஞர்கள், எலெக்ட்ரான் ஒரு பம்பரம் போலத் தற்சுழற்சி உடையது என்று கொண்டால் நிறமாலைகளில் அதுவரை விளங்காமலிருந்த பல செய்திகள் விளங்கும் என்று எடுத்துக் காட்டினார்கள். பம்பரம் என்பது ஓர் உவமைதான். எலெக்ட்ரான் உண்மையாகவே உருண்டு சுற்றும் ஒரு சிறு பந்து என்று எண்ணிவிடக் கூடாது. ஆனால் அந்தத் தற்சுழற்சியின் விளைவு உண்மையானது. ஒவ்வோர் எலெக்ட்ரானும் ஒரு நுண்ணிய காந்தமாக இருக்கிறது.

அப்படியானால் நம்மைச் சுற்றியுள்ள எல்லாப் பொருள்களும் காந்தமாக இருக்க வேண்டும் அல்லவா? அப்படி இல்லை. பெரும்பாலான மூலக்கூறுகளில் எலெக்ட்ரான்கள் இரண்டிரண்டாக இணை சேர்ந்து, ஒன்றின் காந்தம் மற்றொன்றின் காந்தத்தை ஈடு செய்து விடுகிறது. ஒரு சில பொருள்களில் மட்டும் துணையில்லாத ஒற்றை எலெக்ட்ரான் நின்றுவிடுகிறது. தாமிரம், மாங்கனீசு போன்ற உலோகங்களின் உப்புகள், வேதிவினைகளின் இடையே தோன்றி மறையும் தனி உறுப்புகள், கதிர்வீச்சினால் அடிபட்ட படிகங்கள் ஆகியவை இந்த வகை. நாம் மூச்சிழுக்கும் ஆக்சிஜன் மூலக்கூறில்கூட இணை சேராத எலெக்ட்ரான்கள் இரண்டு உள்ளன.

இத்தகைய பொருளை ஒரு காந்தப் புலத்தில் வைத்தால், இணையற்ற எலெக்ட்ரான்கள் புலத்தின் திசையில் அல்லது எதிர்த் திசையில் என இரண்டே வகையில் நிற்கும். இவ்விரு நிலைகளுக்கும் இடையே சிறிய ஆற்றல் வேறுபாடு உண்டு. புலம் வலுவடைய வலுவடைய வேறுபாடும் அதே விகிதத்தில் பெருகும். அந்த வேறுபாட்டுக்குச் சரியான ஆற்றலுள்ள மின்காந்த அலையை அதன்மேல் செலுத்தினால் எலெக்ட்ரான் கீழ் நிலையிலிருந்து மேல் நிலைக்குத் தாவும். அலையின் ஆற்றலில் ஒரு பகுதி உட்கவரப்படும். ஊஞ்சலை அதன் வீச்சுக்கு இசைவாகத் தள்ளினால்தானே அது உயர எழும்புகிறது? அதுபோல இங்கும் அதிர்வெண் பொருந்தினால்தான் வேலை நடக்கும். பொருந்த வேண்டிய கணக்கு மிக எளியது. ஒரு காஸ் புலத்துக்கு 2.8 மெகா ஹெர்ட்ஸ். 3,400 காஸ் புலம் என்றால் சுமார் 9,500 மெகா ஹெர்ட்ஸ், அதாவது 3 சென்டிமீட்டரைவிடச் சற்று அதிக அலைநீளமுள்ள நுண்ணலை. இந்த எண்களை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அலை, கீழே உள்ள எலெக்ட்ரானை மேலே தள்ளுவது போலவே மேலே உள்ளதைக் கீழேயும் தள்ளுகிறது. இரண்டு நிலைகளிலும் சம எண்ணிக்கை இருந்தால் வரவும் செலவும் சரியாகி, ஒன்றும் மிஞ்சாது. சாதாரண அறை வெப்பநிலையில், 3,400 காஸ் புலத்தில் 10,000 எலெக்ட்ரான்களை எடுத்துக் கொண்டால் ஏறத்தாழ 5,004 கீழேயும் 4,996 மேலேயும் இருக்கும். நமக்குக் குறிப்புத் தருவது அந்த 8 எலெக்ட்ரான்கள் மட்டுமே! இந்த முறையில் ஏன் எப்போதும் குறிப்பு மெலிந்தே இருக்கிறது என்பது இப்போது புரியும்.

இந்த ஒத்ததிர்வை முதன்முதலில் கண்டவர் சோவியத் விஞ்ஞானி யெவ்கனி சவோய்ஸ்கி. ஆண்டு 1944, இடம் கசான் பல்கலைக்கழகம், உலகப் போர் நடந்து கொண்டிருந்த நேரம். அணுக்கருவின் காந்த ஒத்ததிர்வைக் கண்ட பிளாக், பர்செல் இருவருக்கும் 1952இல் நோபல் பரிசு கிடைத்தது. சவோய்ஸ்கிக்கு அது கடைசி வரை கிடைக்கவில்லை. கிடைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கண்ணாடிக் குழாயில் ஊதாப் பொடி

இந்தச் சோதனையை நீங்களும் ஒருநாள் செய்வீர்கள். நம் கல்லூரிகள் பலவற்றின் முதுகலை ஆய்வுக்கூடத்தில் இதற்கென ஒரு சிறு கருவி இருக்கிறது. டி.பி.பி.எச். என்று சுருக்கமாக அழைக்கப்படும், கறுப்பு என்று சொல்லும்படியான கரும் ஊதாப் பொடி ஒரு சிறு கண்ணாடிக் குழாயில் இருக்கும். இது நீண்ட நாள் கெடாமல் இருக்கும் ஒரு தனி உறுப்பு; மூலக்கூறுக்கு ஓர் இணையற்ற எலெக்ட்ரான் வீதம் கொண்டது. குழாயை ஒரு கம்பிச் சுருளுக்குள் செருகி, வெளியே இரண்டு பெரிய வட்டச் சுருள்களில் மின்னோட்டம் செலுத்தினால், ஆசிலாஸ்கோப்பின் திரையில் பள்ளங்கள் தோன்றும். அதிர்வெண் 14 மெகா ஹெர்ட்ஸ் என்றால் புலம் 5 காஸ் ஆகும் இடத்தில் பள்ளம் விழும். அதிர்வெண்ணை மாற்றினால் பள்ளமும் நகரும். அது முதன்முறை திரையில் விழும்போது மாணவர்கள் அடுத்த மேசைக்காரர்களைக் கைதட்டிக் கூப்பிடுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

அந்த மகிழ்ச்சி அடங்கியதும் அவர்களிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "குழாயில் பொடி மேல் பாதியில் இருக்கிறதா, கீழ்ப் பாதியில் இருக்கிறதா? பள்ளத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்." யாராலும் சொல்ல முடியாது. பள்ளத்தில் அந்தச் செய்தி இல்லவே இல்லை.

உயர்தர ஆய்வுக் கருவிகளில் கம்பிச் சுருளுக்குப் பதில் ஓர் உலோகப் பெட்டி இருக்கும். அதற்கு ஒத்ததிர்வுப் பெட்டி என்று பெயர். புல்லாங்குழலின் உள்ளே காற்று குறிப்பிட்ட சுருதியில் முழங்குவது போல, இந்தப் பெட்டியினுள் நுண்ணலை குறிப்பிட்ட அதிர்வெண்ணில் முழங்கும். உள்ளே நுழைந்த அலை வெளியேற வழியின்றிச் சுவருக்குச் சுவர் ஆயிரக்கணக்கான முறை மோதித் திரும்புவதால் புலம் மிகவும் வலுப்படுகிறது. பெட்டியின் வாயிலைச் சரியாக அமைத்துவிட்டால், உள்ளே அனுப்பும் அலையில் ஒரு துளிகூடத் திரும்பி வராது. இப்போது நடுவில் வைத்த மாதிரிப் பொருள் ஒத்ததிர்வு அடைந்து சிறிதளவு ஆற்றலை உட்கவர்ந்தால், அந்தச் சமநிலை குலைந்து சிறு அலை ஒன்று திரும்பி வரும். அதைப் படிக டயோடு ஒன்று பிடித்துச் சொல்லிவிடும். திரும்பி வரும் அலையைக் கவனிப்பதுதான் இந்தக் கருவியின் உயிர்நாடி.

அலைநீளமே 3 சென்டிமீட்டர் என்பதால் பெட்டியும் சில சென்டிமீட்டர் அளவில்தான் இருக்க முடியும். அதனுள் அடங்குகிற மாதிரியைத்தான் ஆராய முடியும். பெரிய பொருளாக இருந்தால் உடைத்துப் பொடி செய்து குழாயில் நிரப்ப வேண்டும். பானையைக் கவிழ்த்துப் பிசைந்தாயிற்று!

மருத்துவரின் ஸ்டெதஸ்கோப்

இடத்தைக் கண்டறிய இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, காந்தப் புலத்தையே இடத்துக்கு இடம் மாறும்படி அமைப்பது. மருத்துவமனைகளில் உள்ள எம்.ஆர்.ஐ. கருவி இப்படித்தான் அணுக்கருக்களின் இருப்பிடத்தைக் காண்கிறது. எலெக்ட்ரான்களுக்கும் இவ்வழி பயன்படுகிறது. நம் சென்னை ஐ.ஐ.டி.யில் வேதியியல் பேராசிரியராக இருந்த எஸ். சுப்பிரமணியன், பின்னர் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் 300 மெகா ஹெர்ட்ஸ் அலைகளைக் கொண்டு இத்துறையில் பெரும்பணி செய்தார். ஆனால் எலெக்ட்ரானின் ஒத்ததிர்வுக் கோடு பெரும்பாலும் ஒரு காஸ் அல்லது அதற்கு மேலும் அகலமானது. நூறில் ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட வேண்டுமானால், அந்த இடைவெளிக்குள் புலம் ஒரு காஸாவது மாற வேண்டும். அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு 1,000 காஸ்! இது எளிதல்ல.

இரண்டாவது வழி, புலத்தை அப்படியே விட்டுவிட்டு, நுண்ணலையை ஓர் இடத்தில் மட்டும் படும்படி செய்வது. லென்ஸ் வைத்து வெயிலைக் குவிப்பது போல நுண்ணலையையும் குவித்துவிட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. எந்த அலையையும் லென்ஸ் கொண்டு அதன் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதிக்குக் கீழே குவிக்க முடியாது என்று ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் அப்பே 1873ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார். நம் அலைக்கு அது ஒன்றரை சென்டிமீட்டர். ஒரு பல் முழுவதும் அதில் அடங்கிவிடும்.

ஆனால் அப்பேயின் விதியை நம் ஊர் மருத்துவர் நாள்தோறும் மீறிக்கொண்டிருக்கிறார் என்றால் நம்புவீர்களா? இதய ஒலியின் அதிர்வெண் 100 ஹெர்ட்ஸ் என்று வைத்துக் கொள்ளுங்கள். காற்றில் அதன் அலைநீளம் 3.4 மீட்டர், ஓர் ஆளின் உயரத்தைப் போல் இரு மடங்கு. அப்படியிருந்தும் மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை மார்பில் சில சென்டிமீட்டர் நகர்த்தி வைத்து, இந்த வால்வின் ஓசை இது, அந்த வால்வின் ஓசை அது என்று பிரித்துச் சொல்லிவிடுகிறார். எப்படி? அவர் தூரத்தில் நின்று கேட்கவில்லை. ஒலி பிறக்கும் இடத்துக்கு மிக அருகே ஒரு சிறிய வாயை வைத்துக் கேட்கிறார். அலை பரந்து விரிந்த பிறகுதான் அப்பேயின் விதி ஆட்சி செய்கிறது. மிக அருகில், அலைநீளத்தைவிட மிகக் குறைந்த தொலைவில், துல்லியத்தைத் தீர்மானிப்பது அலைநீளம் அல்ல, வாயின் அளவு.

ஒளியில் இந்தத் தந்திரத்தைச் செய்யலாம் என்று அயர்லாந்து நாட்டு எட்வர்ட் சிங் 1928இல் எழுதினார். அன்று அதற்கான கருவிகள் இல்லை. நுண்ணலையில் அதைச் செய்து காட்டியவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியைச் சேர்ந்த ஆஷ், நிக்கல்ஸ் என்ற இருவர். 1972இல் அவர்கள் 3 சென்டிமீட்டர் அலையை ஒன்றரை மில்லிமீட்டர் துளை வழியே கசியவிட்டு, அரை மில்லிமீட்டர் அளவுள்ள கோடுகளைப் பிரித்துக் கண்டார்கள். அலைநீளத்தில் அறுபதில் ஒரு பங்கு! அதற்கும் முன்பே, 1962இல், ஒத்ததிர்வுப் பெட்டியின் சுவரில் சிறு துளையிட்டு, காந்தப் படலங்களின் ஒத்ததிர்வை இடம் இடமாக அளக்க முயன்றார் சூஹூ என்ற ஆய்வாளர்.

துளை சிறுத்தால் துல்லியம் கூடும். அப்படியானால் துளையை இன்னும் இன்னும் சிறிதாக்கிக்கொண்டே போகலாமே? சவோய்ஸ்கி ஒத்ததிர்வைக் கண்ட அதே 1944ஆம் ஆண்டில், ஹான்ஸ் பெத்தே இதற்கான கணக்கைப் போட்டார். அலைநீளத்தைவிடச் சிறிய வட்டத் துளை வழியே வெளியேறிப் பரவும் திறன், துளையின் ஆரத்தின் ஆறாம் படிக்கு ஏற்ப மாறும். ஆரத்தைப் பாதியாக்கினால் திறன் 64இல் ஒரு பங்காகிவிடும். பத்தில் ஒரு பங்காக்கினால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. துளையைச் சுருக்கச் சுருக்கக் குறிப்பு மளமளவென்று மெலிந்து போகிறது.

கம்பி வளையத்தின் கணக்கு

துளைக்கு ஒரு மாற்று, கம்பி வளையம். டிஷ் ஆன்டெனாவிலிருந்து தொலைக்காட்சிப் பெட்டிக்கு வரும் கேபிளைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஒரு தாமிரக் கம்பி, சுற்றிலும் ஒரு பின்னல் உறை. அதேபோன்ற மெல்லிய கேபிள் ஒன்றின் நுனியில், நடுக் கம்பியை வளைத்து உறையோடு பற்ற வைத்தால் ஒரு சிறு வளையம் கிடைக்கும். கேபிள் வழியே நுண்ணலை மின்னோட்டத்தை அனுப்பினால் வளையத்தின் அருகே மட்டும் வலுவான காந்தப் புலம் உண்டாகும். இதுதான் நுண்ணலை ஆய்முனையின் மிக எளிய வடிவம்.

கம்பியை வளைக்காமல் கூராக நீட்டிவிட்டால் என்ன? அதுவும் ஓர் ஆய்முனைதான். ஆனால் அதன் நுனியில் மின்புலம் ஓங்கி நிற்கும். பொருளின் மின்கடத்தும் திறனை அறிய அது நல்லது. நமக்கு வேண்டியவை எலெக்ட்ரான் காந்தங்கள். அவற்றை அசைப்பது நுண்ணலையின் காந்தப் புலம்தான். அதுவும் நிலையான பெரும் புலத்துக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். மின்புலம் ஈரமான மாதிரியைச் சூடாக்குவதைத் தவிர நமக்கு வேறு உதவி செய்யாது. ஆகவே காந்தப் புலம் ஓங்கி, மின்புலம் அடங்கி நிற்கும் வளையமே ஏற்றது.

இனி வளையம் எவ்வளவு ஆழம் வரை 'பார்க்கிறது' என்று கணக்கிடுவோம். வட்டச் சுருளின் அச்சில் காந்தப் புலம் எப்படிக் குறைகிறது என்பது மேல்நிலைப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. வளையத்தின் மையத்தில் புலத்தை 1 என்று கொண்டால், ஆரத்துக்குச் சமமான தொலைவில் அது சுமார் 0.35 ஆகவும், அதன் இரு மடங்குத் தொலைவில் 0.09 ஆகவும் குறைந்துவிடும். ஆனால் குறிப்பு இதைவிட வேகமாகக் குறையும். ஏனென்றால் வளையம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. எலெக்ட்ரானை அசைப்பதும் அதுவே. அசைந்த எலெக்ட்ரானின் பதிலைக் கேட்பதும் அதுவே. போகும்போது ஒருமுறையும் வரும்போது ஒருமுறையும் குறைவதால் புலத்தின் வர்க்கத்தை எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் விடை அழகாக வருகிறது. ஆரத்துக்குச் சமமான தொலைவில் உள்ள எலெக்ட்ரானின் குரல் 8இல் ஒரு பங்கு. இரு மடங்குத் தொலைவில் 125இல் ஒரு பங்கு. மும்மடங்குத் தொலைவில் 1,000இல் ஒரு பங்கு. அரை மில்லிமீட்டர் ஆரமுள்ள வளையத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் ஆழத்தில் இருப்பவை ஏறக்குறைய இல்லாதவைதான். இப்படித் தூரத்தில் இருப்பதை அறவே மறந்து விடுவதால்தான் ஆய்முனை இடத்தைச் சுட்ட முடிகிறது.

இதில் ஒரு மறை நன்மையும் உண்டு. பெரிய பெட்டிக்குள் கடுகளவு மாதிரியை வைத்தால், பெட்டியை நிறைத்திருக்கும் காந்த ஆற்றலில் மிகச் சிறு பகுதிதான் மாதிரியின் மேல் படுகிறது. மீதி வெற்றிடத்தில் வீணாகிறது. சிறு வளையத்தில் ஆற்றலில் பெரும் பகுதி மாதிரிக்குள்ளேயே செல்கிறது. எனவே கொஞ்சம் எலெக்ட்ரான்களே இருந்தாலும் அவற்றின் குரல் நன்றாகக் கேட்கிறது. பத்து மைக்ரான் பக்கமுள்ள டி.பி.பி.எச். கன சதுரம் கண்ணுக்குத் தெரியாத தூசு. ஆனால் அதில் சுமார் இரண்டு லட்சம் கோடி இணையற்ற எலெக்ட்ரான்கள் இருக்கின்றன. பெட்டி வகையைச் சேர்ந்த நல்ல கருவிகள் ஆயிரம் கோடி, பத்தாயிரம் கோடி என்ற அளவு வரை எண்ணிவிடும் என்பதால், இந்தத் தூசு ஒரு பெரிய கூட்டமே.

புள்ளி வைத்துக் கோலம்

ஆய்முனை ஒரே நேரத்தில் ஒரு புள்ளியைத்தான் பார்க்கும். படம் வேண்டுமானால், வாசலில் புள்ளி வைப்பது போல வரிசை வரிசையாக நகர்த்தி ஒவ்வோர் இடத்திலும் அளக்க வேண்டும். ஒரு புள்ளிக்கு 10 விநாடி என்று கொண்டால், நூற்றுக்கு நூறு புள்ளிகள் உள்ள படத்துக்கு ஒரு லட்சம் விநாடி ஆகும்; ஏறத்தாழ 28 மணி நேரம். பொறுமை வேண்டும்!

நகர்த்தும்போது இன்னொரு தொல்லை. மாதிரியின் பரப்பு கண்ணாடி போல வழவழப்பாக இருக்காது. மேடு வந்தால் ஆய்முனை நெருங்கும். பள்ளம் வந்தால் விலகும். நெருங்கினாலே அதன் சுருதி சற்று மாறித் திரும்பும் அலையும் மாறும். இது எலெக்ட்ரானின் குரலா, வெறும் மேடு பள்ளமா என்று எப்படிப் பிரிப்பது? இதற்குப் பெட்டிக் கருவிகளின் காலத்திலிருந்தே வழக்கத்தில் உள்ள ஓர் உபாயம் கைகொடுக்கிறது. நிலையான காந்தப் புலத்தின் மேல், சிறு சுருளைக் கொண்டு, விநாடிக்கு ஒரு லட்சம் முறை சிறிது கூடிக் குறையும் புலம் ஒன்றைச் சேர்ப்பார்கள். ஒத்ததிர்வில் உள்ள எலெக்ட்ரான்கள் மட்டும் அதே தாளத்தில் கூடிக் குறையும் குறிப்பைத் தரும். மேடு பள்ளத்துக்குக் காந்தத் தாளம் தெரியாது. அந்தத் தாளத்தில் வருவதை மட்டும் கேட்கும்படி கருவியை அமைத்துவிட்டால் தொல்லை பெருமளவு நீங்கிவிடும். முழுவதும் நீங்காது, மேட்டில் குரல் சற்று உரத்தும் பள்ளத்தில் சற்று மெலிந்தும் கேட்பது இருக்கத்தான் செய்யும்.

இந்த வழியில் வெகு தூரம் சென்றவர் ஜப்பானிய விஞ்ஞானி மோட்டோஜி இகேயா. 1975இல் ஆகியோஷி குகையின் சுண்ணாம்புத் தொங்கூசி ஒன்றின் வயதை எலெக்ட்ரான் ஒத்ததிர்வால் கணித்தவர் இவர். மண்ணிலும் பாறையிலும் உள்ள இயற்கைக் கதிரியக்கம் ஆண்டுக்காண்டு படிகங்களில் தனித்த எலெக்ட்ரான்களைச் சிறைப்படுத்துகிறது. அவற்றை எண்ணினால் வயது தெரியும். பின்னர் ஒசாகா பல்கலைக்கழகத்தில் அவரும் அவருடைய மாணவர்களும், ஒத்ததிர்வுப் பெட்டியில் மில்லிமீட்டர் அளவில் ஒரு துளையிட்டு, அதன் மேல் புதைபடிவத் தகடுகளை நகர்த்திப் படம் எடுத்தார்கள். மாதிரி பெட்டிக்கு வெளியே இருப்பதால் அதை உடைக்க வேண்டியதில்லை. ஒரு புதைபடிவத்தின் எந்தப் பகுதியில் எலெக்ட்ரான்கள் அதிகம் சிறைப்பட்டிருக்கின்றன என்பது படத்தில் தெரிந்தது. கோடிக்கணக்கான ஆண்டு முதுமையுள்ள ஒரு பொருளைப் பொடி செய்யாமல் ஆராய்வது எவ்வளவு பெரிய நன்மை!

2003இல் எருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் டான் டேவிடோவ் குழுவினர், வட்டத் துளைக்குப் பதிலாக மெல்லிய பிளவு ஒன்றை உடைய ஆய்முனையைக் கொண்டு, சுமார் 9,000 மெகா ஹெர்ட்ஸ் அலையில் பரப்புகளின் ஒத்ததிர்வுப் படங்களை எடுத்தனர். வட்டத் துளை அலையை அடைக்கும் அளவுக்குப் பிளவு அடைப்பதில்லை. குறுக்கே துல்லியமும் கிடைக்கும். பெத்தேயின் கணக்கிலிருந்து தப்ப இது ஒரு நல்ல வழி.

இதைவிட நுணுக்கமாகவும் போயிருக்கிறார்கள். 2015இல் அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆல்மடன் ஆய்வுக்கூடத்தில், ஊடுருவு நுண்ணோக்கியின் கூர்முனைக்கே நுண்ணலை மின்னழுத்தத்தைக் கொடுத்து, மக்னீசியம் ஆக்சைடு படலத்தின் மேல் தனியாக உட்கார்ந்திருந்த ஒரே ஓர் இரும்பு அணுவின் ஒத்ததிர்வைக் கண்டார்கள். அந்த அணு கடும் குளிரில், மிகுந்த வெற்றிடத்தில் இருந்தது. நம்மைப் போன்ற உயிருள்ள உடம்பை அந்த இடத்தில் உட்கார வைக்க முடியாது. ஆகவே மீண்டும் பெரிய வளையத்துக்கே வருவோம்.

பல்லில் எழுதிய கணக்கு

மனித உடம்பில் கதிர்வீச்சுப் பட்டால் தோன்றும் தனி உறுப்புகள் நீர் நிறைந்த திசுக்களில் நொடியில் மறைந்துவிடும். ஆனால் பல்லில் அவை தங்கும். பல்லின் வெளி எனாமல் ஏறக்குறைய முழுவதும் கனிமப் படிகம். அதில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு அயனித் தனி உறுப்புகள் ஒரு மனிதனின் வாழ்நாளைவிட மிக மிக நீண்ட காலம் அப்படியே இருக்கும். 1945இல் ஹிரோஷிமாவில் உயிர் தப்பியவர்கள் பல ஆண்டுகளுக்குப் பின் மருத்துவத்துக்காகப் பிடுங்கிக் கொண்ட பற்களை வாங்கி ஆராய்ந்து, அன்று அவர்கள் வாங்கிய கதிர்வீச்சை ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். 1986இல் நடந்த செர்னோபில் விபத்துக்குப் பிறகும் இம்முறை பயன்பட்டது.

ஆனால் இதெல்லாம் பிடுங்கிய பல். ஓர் அணு விபத்து நடந்து ஆயிரக்கணக்கானோர் அஞ்சி நிற்கிறார்கள் என்று எண்ணிக் கொள்ளுங்கள். இரண்டு கிரே அளவுக்கு மேல் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கு உடனடியாக மருத்துவம் வேண்டும். நான்கு கிரே அளவில், மருத்துவம் இல்லையெனில் ஏறத்தாழ பாதிப்பேர் இரண்டு மாதங்களுக்குள் இறக்கக்கூடும். யார் அதிகம் வாங்கினார், யார் சும்மா பயந்து போயிருக்கிறார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. எல்லோருடைய பல்லையும் பிடுங்கவும் முடியாது!

அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியின் ஹெரால்ட் ஸ்வார்ட்சும் அவருடைய குழுவினரும் இதற்காக உருவாக்கிய கருவியில், மனிதர் நாற்காலியில் அமர்ந்து தலையைக் காந்தத்தின் இரு முனைகளுக்கு இடையே வைத்துக் கொள்வார். வாயைத் திறந்ததும் மேல் வரிசை முன் பற்களின் மேல் சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள வளையம் ஒன்றைப் பொருத்துவார்கள். நாம் மேலே கணக்கிட்ட அதே வளையம்தான். பல்லைத் தாண்டி உள்ளே நாக்கையோ தொண்டையையோ அது கேட்காது. அதிர்வெண் மட்டும் 9,500 மெகா ஹெர்ட்ஸ் அல்ல. சுமார் 1,150 மெகா ஹெர்ட்ஸ். எச்சிலும் ஈறும் நீர்மயம். உயர்ந்த அதிர்வெண்ணுள்ள நுண்ணலையை நீர் சில மில்லிமீட்டருக்குள் குடித்துவிடும். அதிர்வெண்ணைக் குறைத்தால் அந்த இழப்பு குறைகிறது. புலமும் 410 காஸ் போதும் என்று நம் கணக்கே சொல்கிறது. இதற்கு விலை உண்டு. 10,000 எலெக்ட்ரான்களில் 8 மிஞ்சிய இடத்தில் இப்போது ஒன்றுதான் மிஞ்சும். அதனால்தான் பிடுங்கிய பல்லின் எனாமலில் ஒரு கிரேயில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் காண முடிகிறபோது, வாயிலிருக்கும் பல்லில் ஒன்றிரண்டு கிரே அளவுக்கு மேல்தான் உறுதியாகச் சொல்ல முடிகிறது. நல்ல வேளையாக, மருத்துவருக்குத் தெரிய வேண்டிய எல்லையும் அங்கேதான் இருக்கிறது. அளவீடு நடக்கும் சில நிமிடங்கள் ஆள் அசையாமல் இருக்க வேண்டும். வளையம் அரை மில்லிமீட்டர் விலகினாலே குரல் மெலிந்து, வாங்கிய கதிர்வீச்சு குறைவு என்று தவறாகக் காட்டிவிடும். ஆகவே அளவு தெரிந்த ஒரு சிறு ஒப்பீட்டு மாதிரியையும் வளையத்தோடு இணைத்து வைக்கிறார்கள்.

முன் பல் இல்லாதவர்கள் என்ன செய்வது? அவர்களுக்காக நகத்தை ஆராய்கிறார்கள். கதிர்வீச்சு நகத்திலும் தனி உறுப்புகளை உண்டாக்குகிறது. ஆனால் நகத்தை வெட்டி எடுத்தால், கத்தரிக்கோல் வெட்டுவதனாலேயே புதிய தனி உறுப்புகள் தோன்றி, பழையவற்றை மறைத்துவிடுகின்றன. ஆகவே வெட்டாமல், விரலில் இருக்கும்போதே நகத்தை மட்டும் கேட்டு, அதன் அடியில் உள்ள ஈரமான சதையைக் கேட்காத ஆய்முனை வேண்டும். நகத்தின் தடிப்போ அரை மில்லிமீட்டர்தான். அவ்வளவு மேலாகப் பார்க்கும் ஆய்முனைகளை அமைப்பதில் ஆய்வாளர்கள் ஈடுபட்டிருக்கிறார்கள்.